பள்ளத்து மனை

ஏரியோரப் பள்ளத்து மனையை விற்றால்தான் வேலை நிலைக்கும் என்று புது ஏஜெண்ட் ரெஜினாவிடம் முதலாளி குலசேகரன் சொல்லிவிட்டார். அவள் வேனில் கூட்டிவந்தவர்கள் எல்லாரும் இலவச பிரியாணியைச் சாப்பிட்டார்கள், கோரைப்புல்லைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

"உனக்குப் பேசத் தெரியலை" என்று எரிந்து விழுந்த குலசேகரன், மனை பார்க்க வந்த வாத்தியாரிடம் தானே பேசினார்.

"இங்க தண்ணியே நிக்காது சார். என் பொண்ணுக்கே இந்த நகர்லதான் மனை எடுத்திருக்கேன், அதோ!" என்று ரோட்டோர மேட்டைக் காட்டினார்.

ரெஜினாவுக்குச் சலித்துவிட்டது. "அப்போ மாத்திக்கலாம் சார். மேடு வாத்தியாருக்கு, இந்த மனை உங்க பாப்பாவுக்கு."

"ஏரிக்குள்ள குடியிருக்க என் பொண்ணு என்ன தவளையா?" என்று கத்தினார் குலசேகரன். கத்திய பிறகுதான் வாத்தியார் நிற்பது நினைவுக்கு வந்தது. "நாளையிலேருந்து வராதே!" என்று ரெஜினாவிடம் பாய்ந்தார்.

வாத்தியார் அவளிடம் செல்போனை நீட்டினார். "உன் நம்பரைப் போடும்மா. இனிமே நீ காட்டுற மனையைத்தான் பார்ப்பேன்."