குளத்தங்கரையில் இல்லாத புலி

காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்கப் புள்ளிமான் கூட்டம் ஒன்று இறங்கியது. முதல் கொம்பு அப்போதுதான் முளைத்திருந்த செம்பன் என்ற இளமான் திடீரென்று நின்றது. முன்காலைத் தரையில் உதைத்து, "க்யாவ்!" என்று அலறியது.

புலியைக் கண்டால் மான்கள் எழுப்பும் குரல் அது. கூட்டம் தலைதெறிக்க ஓடியது. நீர்மருத மரத்தின் உச்சியிலிருந்த கருமூஞ்சி என்ற மந்தி சுற்றும் முற்றும் பார்த்தது.

"புலியும் இல்லை, பூனையும் இல்லை! திரும்பி வாங்க!"

"இன்னைக்குமா?" என்று மூச்சிரைத்தது கூட்டத்தலைவன் கிளையன். "தாகத்தோட எத்தனை தடவைடா ஓடுறது? வாசனை வந்துச்சா?"

"இல்லை மாமா."

"அப்புறம் எதுக்குக் கத்துன?"

செம்பனின் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

"நம்ம செம்பன் கனவுல புலி வளர்க்குது!" என்றது கருமூஞ்சி. எல்லோரும் சிரித்தார்கள். தாய்மான் சிரிக்கவில்லை. ஆனால் அதுவும், "ஏண்டா என்னைத் தலைகுனிய வைக்கிற?" என்றுதான் கேட்டது.

அதன்பிறகு செம்பன் கத்தவில்லை. துடிக்கும் காலைத் தரையோடு அழுத்திக்கொண்டது.

"பையன் தேறிட்டான்!" என்று கிளையன் மெச்சியது.

மற்றவர்கள் குளத்தில் இறங்கும்போது செம்பன் புதருக்குப் பின்னால் நின்றுகொள்ளும். கேட்டால், "குடிச்சாச்சு" என்னும். இலையில் தங்கிய பனியை நக்கியே பொழுதை ஓட்டியது. ஓடுவதைவிடப் பொய் சொல்வது களைப்பாக இருந்தது.

கோடை வந்தது. பனியும் நின்றுபோனது. செம்பனின் விலா எலும்புகள் துருத்திக்கொண்டன. அது ஒருநாளும் கரைக்கு வராததை மரத்திலிருந்து பார்த்த கருமூஞ்சிக்கு மனம் உறுத்தியது. கீழே இறங்கி வந்தது.

"குடிக்காமலே குடிச்சேன்னு ஏண்டா சொல்ற?"

"புலி இல்லைன்னு எனக்கும் தெரியும் அக்கா. தெரிஞ்சும் நெஞ்சு அடிக்குது. சொன்னா சிரிக்கிறீங்க."

மந்தி அதன் அருகே உட்கார்ந்தது.

"சிரிச்சது தப்புதான். ஆனா உன் பயத்தை விரட்ட எனக்கு வழி தெரியலையே!"

"விரட்ட வேணாம். நான் குடிக்கிறப்ப பக்கத்துல யாராவது நின்னா போதும்."

"அம்மாகிட்ட சொல்லுவோமா?"

செம்பன் தயங்கியது. "நீங்களும் கூட வாங்க."

எல்லாவற்றையும் கேட்ட தாய்மான் திட்டவில்லை. மகனின் விலாவோடு தன் விலாவை ஒட்டிக்கொண்டு கரைக்கு நடந்தது. "எனக்கும் தாகமாத்தான் இருக்கு" என்று முனகியபடி கிளையன் மறுபக்கம் வந்து நின்றது.

பாதி வழியில் செம்பனின் கால் உதைத்தது. "க்யாவ்!"

மரத்துக்குத் திரும்பியிருந்த கருமூஞ்சி ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, புலி இல்லை என்று தலையசைத்தது. யாரும் ஓடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"கத்தணும்னா கத்திக்கோ. கத்திட்டுக் குடி" என்றது தாய்.

செம்பன் நடுங்கிக்கொண்டே குனிந்து, வயிறு நிறையக் குடித்தது. மறுநாளும் நடுக்கம் வந்தது. மறுநாளும் தாயின் விலா பக்கத்தில் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத பயமும் பயம்தான். பிள்ளை அதைச் சொல்லும்போது, புலி எங்கே என்று கேட்காமல் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.