உச்சிப்பாறையில் நடந்த கருத்துக்கணிப்பு

கரடி வைத்தியர் மலை உச்சியில் ஒரு குகையில் குடியிருந்தார். காய்ச்சலோ காயமோ, காட்டில் யாருக்கு எது வந்தாலும் அந்தச் செங்குத்தான மலையில் ஏறித்தான் ஆகவேண்டும்.

அடிவாரத்துக் குளக்கரையில் ஒரு மான் படுத்திருந்தது. பின்னங்காலில் புண். நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. இரண்டு முறை ஏறப் பார்த்துப் பாதியிலேயே திரும்பிவிட்டது. அதைக் கண்ட ஆமை நேரே யானை ராஜாவிடம் போனது.

"மகாராஜா! வைத்தியர் தினம் ஒரு வேளை குளக்கரைக்கு இறங்கி வரட்டும். இல்லாவிட்டால் மானின் கால் போய்விடும்!"

"நல்ல யோசனைதான்" என்றது யானை. "ஆனால் பழைய வழக்கத்தை மாற்றுவதென்றால் எல்லாருடைய கருத்தையும் கேட்கவேண்டுமே! நரியாரே, மூன்று நாளில் கேட்டு வாரும்!"

நரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "நோயாளிகள் எங்கே இருப்பார்கள்? வைத்தியர் வாசலில்!" என்று ஒரே ஓட்டமாக உச்சிக்கு ஓடியது. அலைச்சல் மிச்சம் பாருங்கள்! குகை வாசலில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டது.

"வைத்தியர் கீழே வரவேண்டிய அளவுக்கு மலையேறுவது சிரமமா?"

"சிரமமா? எனக்கா?" என்று தும்மிக்கொண்டே சிரித்தது குரங்கு.

"காலாற நடந்த மாதிரி இருந்தது!" என்றது வரையாடு.

பல்வலிக்கு வந்த சிறுத்தை, "இதிலென்ன சிரமம்? வைத்தியர் கீழே போய்விட்டால் நான் யாரைப் பார்ப்பதாம்?" என்று உறுமியது.

மூன்றாம் நாள் நரி சபையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "நாற்பது பேரைக் கேட்டேன், ராஜா! நாற்பது பேரும் மலை சுலபம் என்கிறார்கள்!"

"மானைக் கேட்டீரா?" என்றது ஆமை.

"அது அங்கே வரவேயில்லையே!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும், "அப்படியானால் வைத்தியர் மேலேயே இருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டது. ஆமைக்கு அழுகை வந்தது. இதைச் சொல்லும் எனக்கே கோபம் வருகிறது.

துள்ளிக் குதித்துக்கொண்டு வீடு திரும்பிய நரி, வழியில் ஒரு இலந்தை முள்ளை மிதித்தது. மறுநாள் பாதம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. மலையில் பத்தடி ஏறியதும் உருண்டு வந்து மானின் பக்கத்திலேயே விழுந்தது.

நரி சுற்றிலும் பார்த்தது. புதருக்குப் புதர் நோயாளிகள்! காய்ச்சலில் நடுங்கும் முயல், மூச்சு வாங்கும் கிழட்டு எருமை, இறக்கை ஒடிந்த மயில்...

"இத்தனை பேரும் எங்கே இருந்தீர்கள்?" என்றது நரி.

"இங்கேதான் இருந்தோம். நீங்கள்தான் எங்களைத் தாண்டி ஓடினீர்கள்" என்றது மான்.

நரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் குடிக்க வந்த யானையைப் பார்த்ததும் கத்தியது. "ராஜா! என் கணிப்பைத் தூக்கிக் குளத்தில் போடுங்கள்! ஏற முடிந்தவர்களை மட்டுமே கேட்டிருக்கிறேன்!"

புதர்களை எட்டிப் பார்த்த யானை உடனே உரக்கப் பிளிறியது. சற்று நேரத்தில் கரடி வைத்தியர் மூலிகைக் கட்டோடு இறங்கி வந்தார். முதலில் மானுக்கு மருந்து வைத்துக் கட்டினார். "இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கால் தேறியிருக்காது" என்றார். பிறகு நரியிடம் திரும்பினார்.

"மூன்று நாள் என் வாசலிலேயே உட்கார்ந்திருந்தீரே! கீழே வருவீர்களா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீரா?"

நரி முள் குத்திய காலை நீட்டியது.

எதிரே வந்து நிற்பவர்களை மட்டும் கேட்டு முடிவெடுப்பது பிசகு. வர முடியாமல் கிடப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டால்தான் உண்மை தெரியும்.