குருசாமி வைத்த ஆப்பு

தென்காசிப் பக்கம் யாரும் வாயைத் திறந்து செயலி என்று சொல்வதில்லை. எழுத்தில்தான் செயலி. பேச்சில் அது ஆப்பு.

அந்த ஆப்பை ஒத்தை ஆளாக உட்கார்ந்து செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. கம்பெனி கிடையாது. கூடமாட ஒரு ஆள் கிடையாது. கொத்தனாரும் அவரே, சித்தாளும் அவரே. கட்டி முடித்தபின் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிறவரும் அவரே. கூரை ஒழுகினால் ஊர் ஏசுவதும் அவரைத்தான்.

அப்படி ஒருத்தி முப்பிடாதி. வயசு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். எந்த ஊர்க் கோயிலில் எப்போது கொடை விழா என்று சொல்கிற ஆப்பு அவள் செய்தது. பலூன் விற்கிறவர், ராட்டினம் போடுகிறவர், ரேடியோ செட் கட்டுகிறவர் எல்லாரும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அவளிடம் தொழில் படித்தவர் குருசாமி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஐம்பதைத் தொடப்போகிற வயசு. படிக்கிறவர் பெயர் குருசாமி, சொல்லிக்கொடுக்கிறவள் அவர் தங்கச்சி வயசு என்று ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் குருசாமி தோளில் பையோடு வந்து நின்றார்.

முப்பிடாதி வேலை செய்கிற மேசைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவையும் சாத்துவதில்லை. உள்ளே அவள் அம்மா இசக்கியம்மாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, பையும் கையுமா?"

"திருப்பூருக்குப் போறேன் டீச்சர். மச்சான் பனியன் கம்பெனில வேலை சொல்லியிருக்கான். சாயங்காலம் பஸ்ஸு."

"போயிட்டு எப்ப வாரீங்க?"

"வரல."

அவள் எழுந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

குருசாமி உட்காரவில்லை. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த விதம், பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"என் ஆப்பை அழிச்சிருங்க டீச்சர். நானே அழிக்கப் பாத்தேன். அந்தப் பட்டன் பக்கத்துல போனதும் போனைக் கீழ வச்சிருதேன். நீங்க செஞ்சிருங்க."

அவர் ஆப்பின் பெயர் 'அடுப்படி'. சமைக்கிறவர்கள் மாவுக் கையோடு நின்றபடி, என்ன சாமான் இருக்கிறது, என்ன இல்லை என்று சொன்னால் போதும். அதுவே கேட்டு, கடையில் வாங்கவேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளும். இருக்கிற சாமானைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மனிதர் ரிப்பேர் கடையை அரைநேரம் பூட்டிப் போட்டுவிட்டு அதற்குக் காது வைத்தார். தமிழில் பேசினால் புரிகிற காது. சும்மா காரியமா அது?

வந்த புதிதில் 'அடுப்படி' ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கெங்கோ இருக்கிற பெண்கள் எல்லாம் இறக்கிக்கொண்டார்கள். டீக்கடையில் குருசாமிக்கு வடை சும்மா வந்தது. பிறகு என்னவோ ஆயிற்று. ஏறின வேகத்திலேயே இறங்கிற்று. ஐந்து நட்சத்திரம் போட்ட இடத்தில் ஒற்றை நட்சத்திரமாக விழுந்தது. இப்போது அதே டீக்கடையில், "என்ன குருசாமி, ஊருக்கே ஆப்பு வச்சிட்டியாமே" என்கிறார்கள்.

"அழிச்சிரலாம்" என்றாள் முப்பிடாதி. "அம்மா ரசம் வைக்கா. சாப்பிட்டுட்டு அழிப்போம்."

"பசியில்ல டீச்சர்."

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "பசியில்லன்னா நாலு வாய் கம்மியாத் தின்னு. உக்காருலே."

குருசாமி உட்கார்ந்தார்.

முப்பிடாதி அவர் கைபேசியை எடுத்து, ஜனங்கள் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"'விருந்தாளி வந்த அன்னைக்கு வீட்டுல எண்ணெய் இல்ல. இது ஆப்பு இல்ல, எனக்கு வச்ச ஆப்பு.' ஆலங்குளத்து அம்மா எழுதியிருக்காங்க."

"வாசிக்காதீங்க டீச்சர்."

"'சொன்னத அப்படியே தலைகீழாக் கேக்குது. எங்க வீட்டுக்காரர் மாதிரி.'"

இசக்கியம்மாள் உள்ளே சிரித்தாள். குருசாமி சிரிக்கவில்லை.

"பொய் டீச்சர். எல்லாம் பொய். தலைகீழா எல்லாம் கேக்காது. உப்பு இல்லைன்னு சொல்லிப் பாத்தேன். சரியா எழுதுது. உப்பு தீந்துட்டுன்னு சொன்னேன். எழுதுது. உப்பு காலின்னேன். அதையும் எழுதுது. சளி பிடிச்ச குரல்ல சொன்னேன், மிக்ஸி ஓடும்போது சொன்னேன். ஒரு இடத்துலயும் தப்பு இல்ல. தப்பு என் ஆப்புல இல்ல டீச்சர். ஜனங்க நாக்குல இருக்கு."

"ஓ."

"உங்க ஆப்பு இப்படி விழுந்திருக்கா? சொல்லுங்க."

முப்பிடாதி கைபேசியை அடுப்படிக் கதவு ஓரமாக இருந்த முக்காலியில் வைத்தாள். வாசித்த பக்கத்தை மூடியிருந்தாள்; 'அடுப்படி' திறந்தபடி இருந்தது. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மொத வருஷம் ஒரு ராட்டினக்காரர் எனக்குப் போன் பண்ணினார் அண்ணாச்சி. ஏச்சுன்னா அப்படி ஒரு ஏச்சு. நான் போட்ட தேதியை நம்பி லாரில ராட்டினத்தை ஏத்திக்கிட்டு ஒரு ஊருக்குப் போயிருக்கார். கோயில் பொட்டல்ல ரெண்டு ஆடு மேயுது. கொடையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அடப்பாவமே. போனை வச்சிட்டீங்களா?"

"பஸ் ஏறி அங்க போனேன்."

"ஏசினவரைப் பாக்கவா?"

"ஆமா. நேர்லயும் ஏசினார். முடிச்சதும் டீ வாங்கிக் கொடுத்தார். 'ஊர்ல ஒரு சாவு விழுந்தா கொடை தள்ளிப் போகும் தாயி. கோயில்ல பந்தக்கால் நாட்டுற வரைக்கும் தேதி தேதியே இல்ல'ன்னார். எனக்கு அது தெரியாது. இப்ப எந்த ஊர்ல பந்தக்கால் நட்டாலும் மொத போன் அவர்தான் போடுதார்."

குருசாமி யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அது சரி டீச்சர். அங்க தப்பு உங்க பக்கம் இருந்துச்சு. எனக்கு அப்படி இல்லையே. நான் எல்லாத்தையும் சரியாச் செஞ்சிருக்கேன். சரியாச் செஞ்சும் விழுதே, அதுக்கு என்ன செய்ய?"

முப்பிடாதி வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் கூப்பிட்டாள்.

"ஏ குருசாமி! உப்பு நெறஞ்சிருக்குய்யா!"

"இந்தா வாரேன் மைனி" என்று எழுந்தார் குருசாமி. "கல்லுப்பா, தூளுப்பா?"

"கல்லுப்பு."

பேச்சை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம். இசக்கியம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன கேட்டேன்? ஆங். சரியாச் செஞ்சும் ஏன் விழுது?"

முப்பிடாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அம்மா இப்ப உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"உப்பு நெறஞ்சிருக்குன்னாங்க."

"நெறஞ்சிருந்தா எதுக்குக் கடைக்குப் போனீங்க?"

"என்ன டீச்சர் வெளையாடுதீங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா உப்பு இல்லைன்னு வாய் விட்டுச் சொல்லுவாங்களா? தீந்து போச்சுன்னா நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. எங்க அம்மா சாகுற வரைக்கும் அரிசி இல்லைன்னு ஒரு நாள்…"

அதோடு நின்றார்.

முப்பிடாதி எழுந்து போய் முக்காலியிலிருந்து கைபேசியை எடுத்து வந்தாள். அவர் முன்னால் வைத்தாள். திரையில் உப்புக்கு எதிரே பச்சை அடையாளம் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது:

உப்பு இருக்கிறது. வாங்க வேண்டாம்.

குருசாமி அதைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

ரசம் கொதிக்கிற வாசம் வந்தது. இசக்கியம்மாள் புதுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஆலங்குளத்து அம்மா எண்ணெய் நெறஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பா" என்றார் மெதுவாக. "இது வாங்க வேண்டாம்னு எடுத்து விட்டிருக்கும். அவ நம்பி இருந்திருப்பா. விருந்தாளி வந்து உக்காந்திருப்பாங்க."

"இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்ச வார்த்தை டீச்சர். என் காது தூக்கத்துலகூட சரியாக் கேக்கும். நான் வச்ச காதுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்காம விட்டிருக்கேன். சோதிச்சுப் பாக்க உக்காந்தா, இல்லை, தீந்துட்டு, காலின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிச்சிருக்கேன்."

இசக்கியம்மாள் மூன்று தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

"பேசினது போதும். சாப்பிடுங்க."

பசியில்லை என்றவர் ரசத்தை இரண்டு தரம் வாங்கினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா" என்று கேட்டதற்கு, "போதும் மைனி, வயிறு நெறஞ்சிட்டு" என்றார். சொல்லிவிட்டு, "பாருங்க, இதே வார்த்தை இங்க நெசமாவே நெறஞ்சதுதான்" என்று தனக்குத்தானே முனகினார். வயிறு நிறைவது வேறு, உப்பு நிறைவது வேறு. இரண்டையும் பிரித்துக் கேட்கிற மாதிரி ஒரு காது செய்ய என்ன வழி என்று சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு போட ஆரம்பித்துவிட்டார். ஒத்தை ஆளாகத் தொழில் செய்கிறவர்களின் குணம் அது. வீடு இடிந்து கிடக்கும்போதே அடுத்த சுவருக்கு அளவு எடுப்பார்கள்.

கை கழுவிவிட்டு வந்ததும் முப்பிடாதி கைபேசியைக் கையில் எடுத்தாள். அழிக்கிற பட்டன் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள்.

"சாப்பிட்டாச்சு. அழிச்சிரட்டா?"

குருசாமி பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"வேண்டாம் டீச்சர். கொடுங்க."

அவள் கொடுக்கவில்லை.

"திருப்பூர்?"

குருசாமி கீழே கிடந்த பையைப் பார்த்தார். பையைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்.

"இந்த வார்த்தையைச் சரி பண்ணிருவேன் டீச்சர். ஒரு வாரத்து வேலை. அதுக்கு அப்புறம்? மதுரைக்காரி ஒரு மாதிரி சொல்லுவா. கோயம்புத்தூர்க்காரி வேற மாதிரி. எங்க ஊர்லயே தெருவுக்குத் தெரு மாறும். விளக்கை அணைன்னு ஒருத்தி சொல்லுவா, குளிர வைன்னு இன்னொருத்தி சொல்லுவா. பெரிய கம்பெனிக்காரன் ஒரு மாடி நிறைய ஆள் போட்டுச் செய்யுதான். நான் என்ன செய்வேன்? இன்னைக்கு எந்திரிச்சாலும் நாளைக்கு வேற ஒரு வார்த்தைல தட்டி விழுவேன். பயமா இருக்கு டீச்சர். இம்புட்டையும் ஒத்த ஆளா நான் எங்கன்னு போய்க் கேப்பேன்?"

முப்பிடாதி பட்டன் இருந்த பக்கத்தை மூடினாள். ஜனங்கள் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து அவர் கையில் வைத்தாள். விரலால் தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இவ்வளவு பேரும் அவங்கவங்க அடுப்படில நின்னு உங்களைத்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி. ஒருத்திக்காவது 'என்னம்மா'ன்னு கேட்டீங்களா?"