கஞ்சிப்பாசி வடித்த தண்ணீர்

மண்டபம் கடற்கரையில் அமலோற்பவம் அம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது நாற்பது. கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது பிழைப்பு. சீடர் பூமிநாதனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் அறிவியல் வாத்தியார்.

அம்மா சொல்வதையெல்லாம் அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். சாயங்காலமானால் தனக்குத்தானே பரீட்சை வைப்பார். மூன்று வருடமாக ஃபெயில்தான். கோபமும் குறையவில்லை, பயமும் குறையவில்லை.

அன்று அம்மா வெயிலில் வெளுத்த கஞ்சிப்பாசியை அவரிடம் நீட்டினார்.

"கடலுக்குப் போனவளுக பசியோட வருவாளுக. இதை வேக வைங்க."

வாத்தியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதிலுள்ள இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, அயோடின் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நன்றாகக் கொதிக்கவிட்டார். சோறு வடிப்பதுபோலத் தண்ணீரை ஒரு சட்டியில் வடித்துக் கொல்லையில் வைத்தார். பாசியைத் தாளித்து, கடலிலிருந்து திரும்பிய பெண்களுக்குப் பரிமாறினார்.

பெண்கள் ஒரு வாய் வைத்தார்கள்.

"என்ன வாத்தியாரே, வலையை அறுத்து வதக்கிட்டீகளா?"

சிரித்து ஓய்ந்து, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, பனை நிழலில் சாய்ந்தார்கள். பூமிநாதனை அவமானம் பிடுங்கித் தின்றது. வெகுநேரம் மூலையில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து துணிகளை மூட்டை கட்டினார்.

"கிளம்புறேம்மா. மூணு வருஷமா சொல்லிக் கொடுத்தீங்க. மண்டையில ஒண்ணும் தங்கல."

"சரி. வடிச்ச தண்ணி எங்க?"

"கொல்லைல இருக்கு. கொட்டிட்டுத்தான் போவேன்."

"கொட்டுங்க, பாப்போம்."

சட்டியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. அடியில் தட்டினார். பொத்தென்று ஒரு வெள்ளைக் கட்டி, அம்மா கீழே நீட்டிய வாழையிலையில் விழுந்து ஆடியது.

வாத்தியார் வாயைப் பிளந்தார்.

"சத்து பூரா அந்தத் தண்ணியிலதான். ஆறுனா கட்டியாயிரும்" என்றார் அம்மா. துண்டு போட்டு, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றினார்.

பெண்கள் எழுந்து வந்தார்கள். இந்த முறை கேலி இல்லை. இலையை வழித்து நக்கினார்கள். ஒருத்தி இன்னும் கேட்டாள். பூமிநாதனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, எனக்கு எப்ப உறையும்?"

"கலக்கிக்கிட்டே இருந்தா உறையாது, வாத்தியாரே."