கிருமித் தட்டில் விழுந்த வட்டம்

தட்டுக் கழுவுகிறவளுக்குக் கண் இருக்காது என்று நினைப்பவர்கள், பேராசிரியர் தில்லைநாயகம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சிறியாநங்கை இலையிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார் அவர். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, காகிதப் பொட்டில் நனைத்து, கிருமி வளரும் தட்டில் வைத்தார். மறுநாள் பார்த்தால், பொட்டைச் சுற்றிக் கிருமியெல்லாம் செத்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம்! ஆய்வகமே கைதட்டியது. அந்த இலையைப் பறித்துக் கொடுத்த கொல்லிமலைக்காரி, அங்கே தட்டுக் கழுவும் பொன்னுருவி மட்டும் கைதட்டவில்லை.

"ஸ்பிரிட்டு காயறதுக்குள்ள வச்சுட்டீங்களே, ஐயா."

"எனக்கே பாடம் சொல்றியா? இதே அளவு வட்டம் நீ வரவச்சுக் காட்டு. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு!"

மறுநாள் பொன்னுருவி இரண்டு தட்டுகளோடு வந்தாள். முதல் தட்டில் அவருடைய வட்டமே அச்சாக விழுந்திருந்தது.

அவருக்கு முகம் வெளுத்தது. "இது எந்த இலை?"

"இலையே இல்லீங்க. வெறும் ஸ்பிரிட்டு. நீங்க வச்ச மாதிரியே ஈரத்தோட வச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இரண்டாவது தட்டை எட்டிப் பார்த்தார். பொட்டைச் சுற்றி நூலளவுக்கு ஒரு வட்டம்.

"இது?"

"உங்க மருந்துதாங்க. நல்லாக் காயவிட்டு வச்சேன்." பொன்னுருவி நிமிர்ந்து நின்றாள். "பெரிய வட்டம் ஸ்பிரிட்டு போட்டது. இந்தச் சின்ன வட்டம்தான் எங்க மலை போட்டது. எழுதறதா இருந்தா இதை எழுதுங்க."