கடைசிப் பந்தி

"அம்மை, என்னைப் போகச் சொல்லிருங்க" என்றார் சொரிமுத்து.

சொரிமுத்து மடத்தின் சமையல்காரர். கோமதி அம்மை மடத்தின் குரு. வயதில் அம்மைதான் இளையவர். சொரிமுத்து குருவைக் கும்பிடுவார், குரு அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

"எங்க போகப் போறீங்க அண்ணாச்சி?"

"எங்கயாவது. இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு உங்க முன்னால நிக்கவே கூசுது."

நிற்கவும் அவரால் முடியவில்லை என்பதுதான் உண்மை. அடுப்படியிலிருந்து நாலு படி ஏறி வந்ததற்கே மூச்சு இரைத்தது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூட்டு தேஞ்சிருக்காம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ரெண்டும் இருக்காம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம். இப்படியே விட்டா நெஞ்சுக்கு ஆபத்துன்னாரு."

"மாத்திரை?"

"கொடுத்தாரு. நான் போடல. தின்னது நான்தான? தண்டனையும் நான்தான அனுபவிக்கணும்?"

"இன்னைக்கே போடுங்க."

ஞானிகள் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் என்று நினைப்பவர்கள் கோமதி அம்மையைப் பார்த்ததில்லை.

"பட்டினி கிடந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். கிடந்தா இறங்குது. விட்டா முன்னைவிட ஏறிக்கிடுது. பேராசை பிடிச்ச வயிறு. வேற என்ன?"

"யார் அப்படிச் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாங்க. சாப்பிட்டுக் கை கழுவப் போகையில என் காதுபடவே சொல்லுதாங்க."

அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு! மனுசர்களின் வாய்க்கு வேறு வேலை இல்லை.

அம்மை எழுந்தார்.

"நாளையிலிருந்து சமையல் எனக்கு. ஒரு வாரம் நீங்க சும்மா இருங்க. அதுக்கப்புறமும் போகணும்னா போங்க."

மடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சமைத்தவர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் உட்காரவேண்டும். சாமிக்குப் படைத்த சோறு என்பதால் ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது. மிஞ்சுவதெல்லாம் சமைத்தவருக்கு.

எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உலை எப்போதும் தாராளமாகவே ஏறும். யாரையும் பசியோடு திருப்பி அனுப்பிய மடம் அல்ல அது. மிச்சமில்லாத நாளும் அங்கே கிடையாது.

மறுநாள் இருட்டோடு எழுந்து அம்மை அடுப்பு மூட்டினார். புகையில் கண் சிவக்கச் சமைத்தார். குனிந்து குனிந்து பரிமாறினார். கடைசிப் பந்தி எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அதுவரை அம்மையின் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை.

பாத்திரங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தார். ஒவ்வொரு கவளத்தையும் ஆற அமர மென்று சாப்பிடுகிற அம்மை, அன்று அள்ளி அள்ளித் தின்றார். உருளியில் சர்க்கரைப் பொங்கல் மிச்சம் இருந்தது. அதையும் வழித்தார்.

சொரிமுத்து கதவோரம் நின்று பார்த்தார். பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. தியானத்தில் அசையாமல் உட்காரும் அம்மை ஒருநாள் மாலை உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்.

அன்று அவர் சொரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் பேராசைக்காரியா?"

"ஐயோ, என்ன பேச்சு இது?"

"அப்புறம் எப்படி அந்த உருளியை வழிச்சேன்? வயிறு நிறைஞ்சதே தெரியலையே. மிச்சம் கிடக்குங்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது."

எத்தனையோ வருசமாகத் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொரிமுத்து இன்னொருவர் வாயால் கேட்கிறார்.

"சின்ன வயசுல எப்படிச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் அம்மை.

"சாப்பிட்டாத்தான சொல்லுததுக்கு? மழையே இல்லாத காலம். கிடைச்ச அன்னைக்குத் தின்னுக்கிடணும். நாளைக்கு உண்டான்னு தெரியாது. எங்க அப்பாவுக்கும் இதே பெருத்த வாகுதான். அந்தப் பஞ்சத்துலயும் அவரு தொந்தி முழுசாக் கரையல." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

"அந்தப் பஞ்சத்துல உங்களைக் காப்பாத்திக் கொண்டுவந்தது எது?"

"இந்த வயிறுதான்" என்றார் சொரிமுத்து.

"அதையா வைதுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அதன்மேல் மெல்லக் கையை வைத்தார். தான் பெற்ற பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்துவிட்டவர்போல் இருந்தது அவர் முகம்.

மறுநாளும் அம்மைதான் சமைத்தார். உச்சிப்பொழுதில் பந்திக்கு மணி அடித்தது. சொரிமுத்து பழைய பழக்கத்தில் வாளியைத் தூக்கப் போனார். அம்மை அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க உட்காருங்க."

"முதல் பந்தியிலயா?"

"இனிமே மடத்துச் சமையல்காரர் முதல் பந்தியிலதான் உட்காரணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் அம்மை. "மிஞ்சினதை வாளியில அள்ளி ஊருக்குள்ள கொண்டுபோய்க் கொடுங்க. அங்கயும் சாமிதான் இருக்கு."

காதுபடப் பேசியவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.

சொரிமுத்து சம்மணம் போட முடியாமல், காலை நீட்டி இலை முன்னால் உட்கார்ந்தார். சூடாகச் சோறு விழுந்தது. பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவரும் மெதுவாகச் சாப்பிட்டார்.

அம்மை மறுசோற்றோடு வந்து குனிந்தார்.

"போதுமா அண்ணாச்சி?"

இந்த மடத்தில் ஒவ்வொரு இலையிடமும் சொரிமுத்து தினமும் கேட்ட கேள்வி அது. அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. பெற்றவளும் கேட்டதில்லை, பாவம். கேட்க அவளிடம் சோறு இருந்ததில்லை.

சொரிமுத்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இலைக்கு மேல் கையை விரித்தார்.

"போதும் அம்மை. நிறைஞ்சிருச்சு."

கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. அதைத் துடைக்காமலே அம்மையை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார்.

"அப்போ, என்னைக்குப் புறப்படுதீங்க?" என்றார் அம்மை.

"ரசத்துல உப்பு கூடிப்போச்சு" என்றார் சொரிமுத்து. "நாளையிலிருந்து நானே வைக்கேன்."