திருப்பிப் போடாத பக்கம்

மதுரைக்குத் தெற்கே சோலையம்மாளின் குரல் ஒலிக்காத டீக்கடை அப்போது கிடையாது. கேசட் வந்த புதிதில் அவள் குழு பாடிய நாட்டுப்பாட்டுக்கு அப்படியொரு மவுசு. அந்தக் குழுவில் தவசிதான் பின்பாட்டு. பாட்டை அவளிடம்தான் கற்றுக்கொண்டான். வயதில் அவளுக்கு மூத்தவன். ஆனாலும் “அக்கா” என்றுதான் கூப்பிடுவான். குரு என்று ஆன பிறகு வயதென்ன வயது!

அந்த வருஷக் கேசட்டுக்குக் கம்பெனியில் பேச்சு முடிந்திருந்தது. முன்பக்கம் சோலையம்மாள் குழு. பின்பக்கத்தை அவள் கமுதிப் பக்கத்துக் குழு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் பேரை அவர்கள் ஊர் தாண்டி ஒரு ஆள் கேட்டதில்லை. அட்டையில் இரண்டு பேரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும் என்று வேறு சொல்லியிருந்தாள்.

தவசிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பின்பக்கம் தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். போன கேசட்டின் பின்பக்கத்தில் அவன் தனியாகப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. செத்துப்போன பெண்டாட்டியை நினைத்து அவனே கட்டிய பாட்டு. கேட்டேன், நன்றாயிருந்தது என்று இன்றுவரை ஒரு மனுஷன் வந்து சொன்னதில்லை.

ஒரு கோயில் கொடை விழாவில் விடிய விடியப் பாடிவிட்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார்கள். மேளக்காரர்கள் மூட்டைகள்மேல் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்கள். சோலையம்மாள் முகத்துப் பவுடரைத் துடைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. பதில் சொல்லத் தெம்பிருந்தா சொல்றேன்.”

“அந்தக் கமுதிக்காரங்க உங்களுக்கு மாமனா, மச்சானா?”

“ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“நம்மளவிட நல்லாப் பாடுறாங்களா?”

“சுதியே சேரல. ஆனா தொண்டையில உசிரு இருக்கு.”

“நம்ம பேருக்கு விக்கிற கேசட்ல அவங்களுக்கு எதுக்குக்கா பாதி? இத்தனை வருஷமா உங்க பின்னாடி நின்னு கத்துனவன் கண்ணுக்குத் தெரியலையா?”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. உடம்பு ஓய்ந்துபோன நேரத்தில் கோபம்கூட ஒழுங்காக வராது, அழுகையாகத்தான் வரும்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஓடிக்கொண்டிருந்ததே அவர்களுடைய போன வருஷக் கேசட்தான்.

“வா, டீ குடிப்போம்.”

கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பட்டும் பூவும் இல்லாத பாட்டுக்காரியை யாருக்குத் தெரிகிறது! அவர் தலையாட்டிக்கொண்டே டீ ஆற்றினார். முன்பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்தது. டேப்பின் பட்டன் டக்கென்று எழும்பியது. கேசட்டை வெளியே எடுத்தார்.

தவசி மூச்சைப் பிடித்துக்கொண்டான். திருப்பிப் போட்டால் அடுத்து வருவது அவன் பாட்டு.

கடைக்காரர் கேசட்டை டப்பாவில் வைத்து மூடினார். வேறொன்றைத் தேடினார்.

“ஏண்ணே எடுத்துட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?” என்றாள் சோலையம்மாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு. தெனமும் போடுறேனே.”

“அந்தப் பக்கம்?”

“அதுலயும் இதே அம்மாதானே. ஒரு பக்கம் கேட்டாப் பத்தாதா?”

“போட்டதே இல்லையா?”

“வாங்குன அன்னைக்கு ஒருவாட்டி போட்டேனோ என்னமோ. ஞாபகம் இல்லம்மா.”

தவசி டீயைக் குடிக்காமலேயே கிளாஸை வைத்துவிட்டான். இருவரும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள்.

“எத்தனையோ கடையில பாத்துட்டேன்” என்றாள் அவள். “வேற பேரு இருந்தா, யாருடா இவங்கன்னு திருப்பிப் போடுவான். கமுதியில அவங்களுக்காக வாங்குறவனும் நம்மளத் திருப்பிப் போட்டுப் பாப்பான்.”

“அப்ப என் பேரைப் போட்டிருக்கலாமே?”

“எங்கூட நிக்கிறவரைக்கும் உன்னையும் சோலையம்மா செட்டுன்னுதான் சொல்லுவாங்க. குரல்கூட என்னை மாதிரியே ஆயிருச்சு. நாந்தான் அப்படி ஆக்கிப்புட்டேன் தவசி. அது எனக்கு ஆறவே மாட்டேங்குது.”

மதுரை பஸ் வந்தது. மேளக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். தவசி எழவில்லை.

“அப்ப என் பாட்ட யாருக்கா கேக்குறது?”

“கமுதிக்காரங்களுக்குப் பின்பக்கத்துல ஒரு பாட்டு குறையுதாம். தவசி வருவான்னு சொல்லியிருக்கேன். அவங்களோட நின்னு உன் பாட்டப் பாடு. அங்கயே இரு.”

தவசி அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தான்.

“அப்ப உங்களுக்குப் பின்பாட்டு?”

சோலையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“தனியாப் பாடிக்கிறேன். பாடி முடிச்சதும், திருப்பிப் போட்டு உன்னைக் கேட்டுக்கிறேன்.”